குளத்து மண்ணு அடிக்கறதுக்கு முன்னால

சித்திரை பொறந்து குளம் வத்திட்டா எங்க பக்கம் டீக்கடையில வேற பேச்சே இருக்காதுங்க. யாருக்கு எத்தனை லோடு, ஜேசிபி என்னைக்கு வருது, டிராக்டர் வாடகை எவ்வளவு, இதே பேச்சுத்தான். டவுன்ல இருக்கறவங்க பேப்பர்ல போட்டோ பாத்திருப்பீங்க. காஞ்ச குளத்துக்குள்ள டிராக்டருக வரிசை கட்டி நிக்கும், கீழே "விவசாயிகள் மகிழ்ச்சி"ன்னு போட்டிருக்கும். அந்த மகிழ்ச்சி நிஜம்தான். எங்க நிலம் செம்மண்ணும் சரளையும் கலந்தது. எவ்வளவு தண்ணி விட்டாலும் கீழே இறங்கிப் போயிரும். அதுல குளத்து வண்டலைக் கலந்து உழுதா, ஈரம் ரெண்டு மூணு நாள் கூட நிக்கும். போட்ட உரம் வேர்கிட்டயே தங்கும். கிணத்துல தண்ணி கம்மியான வருசத்துல அந்த ரெண்டு நாள்தான் பயிரைக் காப்பாத்தும்.

அரசாங்கமும் இதுக்கு வழி விட்டிருக்குது. 2017-ல குடிமராமத்துன்னு ஆரம்பிச்சப்பவே வண்டல் எடுக்க விவசாயிக்கு இலவசம்னு சொன்னாங்க. 2024-ல இருந்து தாசில்தார் ஆபீசுலயே அனுமதி வாங்கிக்கலாம்னு சுலபமாக்கிட்டாங்க. நஞ்சைன்னா ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைன்னா 90 கன மீட்டர். டிராக்டர் கணக்குல 25 லோடு, 30 லோடு வரும். விண்ணப்பத்துல பட்டா எண் கேப்பாங்க, எத்தனை ஏக்கர்னு கேப்பாங்க. அந்த மண்ணுக்குள்ள என்ன இருக்குதுன்னு மட்டும் யாரும் கேக்கறதில்லை.

அந்தக் கேள்வியைப் பத்தித்தான் இந்தத் தடவை எழுதறேன்.

எங்க அப்பாரு காலத்துல அதைக் கேக்க வேண்டிய அவசியமே இல்லைங்க. ஒரு பிடி மண்ண எடுத்து உருட்டுவாரு, திரி மாதிரி நீட்டுவாரு, மோந்து பாப்பாரு, சில சமயம் நாக்குலயும் வெச்சுப் பாப்பாரு. கருப்பா, வெண்ணெய் மாதிரி நைசா, உருட்டினா உடையாம இருந்துச்சுன்னா "கொழுப்பு இருக்குது, போடலாம்"ம்பாரு. மணல் மாதிரி நெருநெருன்னு இருந்தா வேண்டாம்பாரு. மதகுப் பக்கத்து மண்ணுக்குத்தான் ஊரே அடிச்சுக்கும். தண்ணி உள்ள வர்ற வாய்ப்பக்கம் மணலா இருக்கும், ஓடி வந்து நின்னு நிதானமா படியற மதகுப் பக்கம்தான் நைஸ் மண்ணு சேரும். அந்தக் கணக்கு இன்னைக்கும் சரிதான். ஆனா அன்னைக்கு அந்தக் குளத்துக்கு வந்த தண்ணி மேட்டுக்காட்டுல பேஞ்ச மழை. ஆட்டுப் புழுக்கை, இலை தழை, மேல்மண்ணு, இதுகளைத்தான் அடிச்சுக்கிட்டு வரும்.

இன்னைக்கு எங்க குளத்துக்கு வர்ற பள்ளம் டவுனைத் தொட்டுக்கிட்டு வருது. (பள்ளம்னா எங்க பாசையில ஓடை.) அது வழியில பாக்கறது வேற உலகம். சாயப்பட்டறை, முலாம் பூசற பட்டறை, ஒர்க்‌ஷாப்பு, ஆயிரக்கணக்கான வீட்டுச் சாக்கடை. கொஞ்சம் தள்ளி நொய்யல் ஓடுது. அதோட கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வெள்ளிங்கிரி மலையில பொறந்து, கோயமுத்தூர், திருப்பூர் தாண்டி, கரூர் பக்கம் காவேரியில சேர்ற ஆறு. 1990-களோட தொடக்கத்துல அதுக்குக் குறுக்கே ஒரத்துப்பாளையத்துல அணை கட்டினாங்க, பாசனத்துக்குன்னு. சில வருசத்துலயே அணையில நின்னது சாயத்தண்ணி. பருத்தித் துணியில சாயம் ஏறி நிக்கோணும்னா மூட்டை மூட்டையா உப்பு போடோணும். அந்த உப்பெல்லாம் ஆத்துக்கு வந்துச்சு. தண்ணிக்காகக் கட்டின அணையில இருந்து "தண்ணியத் திறந்து விடாதீங்க"ன்னு ஆயக்கட்டு விவசாயிகளே கெஞ்சினாங்க. கோர்ட்டுக்குப் போனாங்க. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம், கழிவு நீரை ஒரு சொட்டுகூட வெளிய விடாத ஏற்பாடு செய்யற வரைக்கும் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு.

அதுக்கப்பறம் தண்ணி எவ்வளவோ தெளிஞ்சுருக்குது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா தண்ணி ஓடிப்போற சாதி. இருபது முப்பது வருசமா அது கொண்டு வந்து எறக்கினது குளத்தோட அடியில அப்படியே இருக்குது. இப்ப அதைத்தான் ஜேசிபியில அள்ளி, "வண்டல்"னு பேரு வெச்சு, தோட்டத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போறோம்.

எங்க அக்கா மகன் ஒருத்தன் வேதியியல் படிச்சுட்டு ஆய்வகத்துல வேலை பாக்கறான். போன கோடையில ஊருக்கு வந்திருந்தப்ப அவன்கிட்ட இதைப் பேசிக்கிட்டிருந்தேன். அவன் சொன்ன ஒரு விசயம் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துருச்சு.

"மாமா, களிமண்ணுத் துகள் ரொம்பச் சின்னது. அதோட மேல்பரப்பு அதிகம், அதுல எதிர் மின்னேற்றம் இருக்கும். அதனாலதான் பொட்டாசு, சுண்ணாம்பு, அமோனியாச் சத்தையெல்லாம் அது புடிச்சு வெச்சுக்குது. மக்கும் அதே மாதிரிதான். நீங்க கொழுப்புன்னு சொல்றது இதைத்தான். ஆனா ஈயம், காட்மியம், செம்பு, குரோமியம் இதுகளையும் அதே களிமண்ணும் அதே மக்கும்தான் புடிச்சு வெக்கும். மணல்ல விசம் தங்காது மாமா. நீங்க எந்த மண்ண நல்ல மண்ணுன்னு தேடிப் போறீங்களோ, அந்த மண்ணுலதான் அது இருக்கும்."

யோசிச்சுப் பாருங்க. அப்பாரு கை சொன்ன அடையாளம் பொய்யில்லை. ஆனா அந்தக் கைக்கு இந்த ரெண்டாவது விசயம் தெரியாது. உப்பா இருந்தா நாக்குக்குத் தெரியும், காஞ்சா வெள்ளை பூக்கும், கண்ணுக்கும் தெரியும். காட்மியத்துக்கு ருசி கிடையாது, நாத்தம் கிடையாது, நிறமும் கிடையாது.

சரி, மண் பரிசோதனை பண்ணிப் பாத்துட்டுப் போட்டா ஆச்சுன்னு நீங்க கேக்கலாம். நானும் அப்படித்தான் நெனச்சேன். 2015-ல இருந்து மத்திய அரசோட மண்வள அட்டை இருக்குது. அதுல 12 விசயம் பாக்கறாங்க: கார அமில நிலை, உப்பு நிலை, கரிமச்சத்து, தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான். நல்ல திட்டம், என்கிட்டயும் அட்டை இருக்குது. ஆனா அந்தப் பன்னெண்டுல ஒண்ணுகூட விசத்துக்கான கேள்வி இல்லைங்க. துத்தநாகமும் செம்பும் இருக்குதுதான், அதுவும் பயிருக்குப் பத்தலையான்னு பாக்கறதுக்கு. குரோமியம், ஈயம், காட்மியம், நிக்கல், ஆர்சனிக் எதுவும் கெடையாது. எங்க குளத்து மண்ண அந்தப் பரிசோதனைக்குக் குடுத்தா "கரிமச்சத்து அதிகம், சத்து நிறைய"ன்னுதான் வரும். சாக்கடை கலந்த மண்ணுல சத்துக்கு என்ன குறைச்சல்?

அதனால கன உலோகம் பாக்கற ஆய்வகத்துக்குத்தான் போகோணும். செலவு கூட. நாங்க எட்டுத் தோட்டத்துக்காரங்க பங்கு போட்டுக்கிட்டோம். ஆளுக்கு ஒரு லோடு டிராக்டர் வாடகை அளவுக்கு ஆச்சு.

எப்படி மண்ணு எடுத்தோம்னு சொல்றேன், ஏன்னா பாதி விசயம் அதுலதான் இருக்குது. ஜேசிபி எறங்கினதுக்கப்பறம் எடுத்தா பிரயோசனமில்லை. அது மேல் மண்ணு அடி மண்ணு எல்லாத்தையும் ஒண்ணாக் கலக்கிரும். குளத்து மண்ணு வருசா வருசம் படியறது. மேல இருக்கறது புதுசு, கீழே இருக்கறது பழசு. அதனால வாய்ப்பக்கம் ஒண்ணு, நடுவுல ஒண்ணு, மதகுப் பக்கம் ஒண்ணுன்னு மூணு இடத்துல ஆள் இடுப்பு ஆழத்துக்குக் குழி வெட்டினோம். குழியோட சுவத்தைப் பாத்தாலே தெரிஞ்சுது. மதகுப் பக்கம் மேல ஒண்ணரை ரெண்டு அடி தாரு மாதிரி கருப்பு, அழுகின முட்டை நாத்தம். அதுக்குக் கீழே பழுப்பு. அதுக்கும் கீழே எங்க அப்பாரு உருட்டிப் பாத்த அதே மண்ணு. ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியா, இரும்பு மம்முட்டி படாம, மரக்கரண்டியில சுரண்டி எடுத்தோம்.

இன்னொரு பை, குளத்துத் தண்ணியே படாத மேட்டுக்காட்டு மண்ணு. இதை அக்கா மகன் கட்டாயம் வேணும்னு சொன்னான். குரோமியமும் நிக்கலும் பாறையிலயே இயற்கையா இருக்கும், அதனால எந்த மண்ணுலயும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஊர் மண்ணுல எவ்வளவு இருக்குதுன்னு தெரியாம குளத்து மண்ணுல இவ்வளவு இருக்குதுன்னு சொன்னா அதுல அர்த்தமில்லை.

அந்தக் கருப்பு நாத்த மண்ண மட்டும் ரெண்டு பையா எடுத்தோம். ஒண்ணு காத்துப் படாம இறுக்கிக் கட்டி, ஐஸ் பெட்டியில. இன்னொண்ணு வெயில்ல காய வெச்சு. காரணம் இருக்குதுங்க. காத்தே போகாத சேத்துல கந்தகம் சல்பைடா இருக்கும், உலோகங்களைக் கெட்டியாப் புடிச்சு வெச்சிருக்கும். அந்த நிலையில அது தூங்கற பாம்பு மாதிரி. வெளிய எடுத்துப் பரப்பிக் காயப் போட்டா காத்துப் பட்டு சல்பைடு மாறிப்போகும், அமிலம் உண்டாகும், புடி விட்டுரும். குரோமியத்துலயும் ரெண்டு வகை. தோல் பதனிடறதுல, சாயத்துல வர்றது பெரும்பாலும் மூணு இணைதிறன் குரோமியம், அவ்வளவா நகராது, விசமும் கம்மி. ஆனா மண்ணுல இருக்கற மாங்கனீசு ஆக்சைடோட சேந்தா அதுல ஒரு பங்கு ஆறு இணைதிறன் குரோமியமா மாறலாம். அது தண்ணியில கரையும், கிணத்துக்கு எறங்கும், புத்துநோய் வரவெக்கற வகை. ஈரத்துல எடுத்துப் பாத்துட்டு "ஒண்ணுமில்லை"ன்னு சொன்னா, அது குளத்துக்குள்ள இருக்கற மண்ணுக்கான பதில். தோட்டத்துல பரப்பப் போற மண்ணுக்கான பதில் இல்லை.

ஆய்வகத்துல ரெண்டு விதமாப் பாக்கறாங்க. ஒண்ணு, மொத்தம் எவ்வளவு இருக்குதுன்னு. மண்ண அமிலத்துல கரைச்சு அளக்கறது. இன்னொண்ணு, எவ்வளவு கசியும்னு. லேசான அசிட்டிக் அமிலத் தண்ணியில மண்ணப் போட்டு 18 மணி நேரம் சுத்த விட்டு, வடிகட்டின தண்ணியில அளக்கறது. அந்தத் தண்ணியில லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல குரோமியம் வந்தா அபாயக் கழிவுன்னு கணக்கு. ஆனா இந்த ரெண்டாவது சோதனை குப்பைமேட்டுல கொட்டறதுக்காக உண்டானது. அதுல தேறினா சோறு வெளையற நிலத்துல கொட்டலாம்னு அர்த்தமில்லை. இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். "சோதனையில பாஸ் ஆயிருச்சு"ன்னு யாராச்சும் சொன்னா, எதுக்கான சோதனைன்னு கேளுங்க.

நெலத்துக்குப் போடறதுக்கு ஒரு ஒப்பீடு வேணும்னா, உரக் கட்டுப்பாட்டு ஆணையில நகரக் கழிவு கம்போஸ்டுக்கு அளவு வெச்சிருக்காங்க. கிலோவுக்கு குரோமியம் 50 மில்லிகிராம், நிக்கல் 50, ஈயம் 100, காட்மியம் 5. அதுக்கு மேல இருந்தா கம்போஸ்டுன்னு விக்கக் கூடாது. வண்டல் கம்போஸ்ட் இல்லைதான். ஆனா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. தொழு உரமோ கம்போஸ்டோ நாங்க ஏக்கருக்கு 5 டன் போடுவோம். வண்டல் 75 கன மீட்டர்னா கிட்டத்தட்ட 100 டன். இருபது மடங்கு. கம்போஸ்டுல கிலோவுக்கு 50 மில்லிகிராம் இருந்தா ஏக்கருக்கு கால் கிலோ குரோமியம் போகுது. வண்டல்ல கிலோவுக்கு 200 இருக்குதுன்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்கங்க. டன்னுக்கு 200 கிராம், 100 டன்னுக்கு 20 கிலோ. முக்கால் அங்குல மண்ணாப் பரப்பி, அதுக்கு மேல கத்திரி நட்டு, மார்க்கெட்டுக்கு அனுப்புவோம்.

அறிக்கை வர்றதுக்குள்ள நாங்களா ஒரு சோதனையும் பண்ணிப் பாத்தோம். இதை நீங்க வீட்டு மாடித் தோட்டத்துக்குக்கூடச் செய்யலாம். ஒரு பிளாஸ்டிக் டப்பா. நடுவுல அட்டை வெச்சு ஒரு பக்கம் காட்டு மண்ணு, இன்னொரு பக்கம் குளத்து மண்ணு, ரெண்டும் ஒரே ஈரத்துல. அட்டையை எடுத்துட்டு, நடுக்கோட்டுல பத்து கம்போஸ்ட் புழுவை விட்டு மூடி வெச்சரோணும். 48 மணி நேரம் கழிச்சு மறுபடி அட்டையைச் சொருகி எண்ணோணும். பத்துல எட்டுக்கு மேல காட்டு மண்ணுப் பக்கம் போயிருந்தா, அந்த இன்னொரு மண்ணுல புழு குடியிருக்க முடியலைன்னு அர்த்தம். இது நாங்களாக் கண்டுபிடிச்சதில்லை, உலகத்தரச் சோதனையே இப்படித்தான் பண்றாங்க. நாங்க அஞ்சு டப்பா வெச்சோம். மதகுப் பக்கத்துக் கருப்பு மண்ணுக்கு ஒரு டப்பாவுல பத்தும் இந்தப் பக்கம், மத்ததுல ஒண்ணு ரெண்டு மட்டும் அந்தப் பக்கம். அடி அடுக்கு மண்ணுல சரிபாதி.

எங்க பெரியப்பா ஒருத்தர் இதை வந்து பாத்துட்டு, "ஏஞ்சாமி, புழுவுகிட்ட ஜோசியம் கேக்கறயா?"ன்னு சிரிச்சாரு. அப்பறம் அவரே ஒரு சட்டியில அந்தக் கருப்பு மண்ணப் போட்டு பச்சைப்பயறு ஊனி வெச்சாரு. நாலு நாள்ல ஜம்முனு மொளைச்சுது. காட்டு மண்ணுல போட்டதை விட இலை பசேல்னு இருந்துச்சு. "இப்ப என்ன சொல்ற?"ன்னாரு.

இதுக்கு அன்னைக்கு என்கிட்ட சரியான பதில் இல்லை, அக்கா மகன்தான் போன்ல சொன்னான். செம்பும் நிக்கலும் அதிகமானா பயிரே காட்டிக் குடுத்துரும், வேர் கருகும், இலை வெளுக்கும். குரோமியம் பெரும்பாலும் வேரோடயே நின்னுக்கும். காட்மியம் அப்படி இல்லை. பயிருக்கு நோவு தெரியற அளவுக்கு முன்னாலயே, மனுசனுக்கு ஆகாத அளவுல கீரையிலயும் தானியத்துலயும் ஏறிரும். பயிர் நல்லா இருக்கும், தின்னவனுக்குத்தான் கேடு. புழு ஓடினா மண்ணுல ஏதோ சரியில்லைன்னு தெரிஞ்சுக்கலாம், அது உப்பாக்கூட இருக்கலாம். புழு இருந்துச்சு, பயறு மொளைச்சுதுங்கறதை வெச்சு மண்ணு நல்லதுன்னு முடிவு கட்ட முடியாது. டப்பாவும் வேணும், ஆய்வகமும் வேணும்.

அறிக்கை வந்துச்சு. வாய்ப்பக்கம் மணல் மண்ணுல பெருசா ஒண்ணும் இல்லை, உப்பு மட்டும் கொஞ்சம். மதகுப் பக்கம் மேல் அடுக்குல குரோமியம், செம்பு, துத்தநாகம் எல்லாமே எங்க காட்டு மண்ண விடப் பல மடங்கு. குரோமியம் கம்போஸ்ட் அளவைத் தாண்டியே இருந்துச்சு. சோடியமும் அதிகம். காஞ்ச பையில கசிவு ஈரப் பையை விடக் கூட. ஆனா அடி அடுக்கு எங்க காட்டு மண்ணுக்குக் கிட்டத்தட்ட சமம். பட்டறைகளுக்கு முந்தின காலத்து மண்ணு. நல்ல மண்ணு, கெட்ட மண்ணுக்கு அடியில படுத்திருக்குது.

கோயில் திண்ணையில கூட்டம் போட்டோம். சுலபமா முடியலை. அனுமதிக்கு நாள் ஓடிக்கிட்டிருக்குது. அதுக்குள்ள சில பேரு முதல் நாளே மதகுப் பக்கம் லோடு ஓட்டிட்டாங்க. அதுல ஒரு பையன், அப்பா இல்லாம ஒத்தையில ரெண்டு ஏக்கர் பாக்கறவன், "இருக்கற கிணத்துத் தண்ணிக்கு இந்த மண்ணு இல்லைன்னா இந்த வருசம் நான் வெள்ளாமை வெக்க முடியாதுங்க. நீங்க பேப்பரைக் காட்டறீங்க, நான் சோத்துக்கு என்ன பண்றது?"ன்னு கேட்டான். நியாயமான கேள்வி. வசதி இருக்கறவனுக்குத்தான் காத்திருக்க முடியும். கடைசியில, வாய்ப்பக்கத்துலயும் நடுவுலயும் மேல் அடுக்கை ஓரமா ஒதுக்கிட்டு, அடி மண்ண மட்டும் எடுக்கறதுன்னு முடிவாச்சு. அந்தப் பையனுக்கு முதல் லோடு. அவன் ஏற்கெனவே கொட்டினது கும்பியா இருந்துச்சு, உழுது கலக்கலை, அதனால திருப்பி எடுக்க முடிஞ்சுது. மதகுப் பக்கம் குச்சி நட்டு கயிறு கட்டி, தொடக்கூடாதுன்னு வெச்சோம். ஒதுக்கின வேலைக்கு ஜேசிபி மணி நேரம் கூட ஆச்சு. மண்ணும் நெனச்சதுல பாதிதான் கிடைச்சுது.

மதகுப் பக்கத்து மண்ணு இன்னும் குளத்துலதான் கெடக்குது. அது தீர்வு இல்லைன்னு தெரியும். எங்க குளம் வருசத்துல பாதி நாள் காயுது, காத்துப் படத்தான் செய்யுது. இடையில செங்கச்சூளைக்காரர் ஒருத்தர் "எனக்குக் குடுங்க, சுட்டா எல்லாம் சரியாயிரும்"னு வந்தாரு. சாக்கடைக் கிருமிக்கு அது சரி. குரோமியத்துக்கு அப்படி இல்லையாம். சுண்ணாம்புச் சத்தோட, காத்தோட்டமா சுட்டா, மூணு வகை குரோமியம் ஆறு வகையா மாறறதுக்கு அதுவே வழி. சுட்ட கல்லை மறுபடி கசிவுச் சோதனை பண்ணிப் பாத்துட்டுத்தான் தர முடியும்னு சொன்னோம். அவரு அப்பறம் வரலை.

தப்பான மண்ணு ஒருக்கா நெலத்துல கலந்துட்டா என்ன ஆகும்னு ஜப்பான்காரங்க பாத்துட்டாங்க. ஜின்சூ ஆத்துக்கு மேல காமியோகா சுரங்கத்துல இருந்து வந்த காட்மியம், பாசனத் தண்ணியோட நெல் வயல்ல படிஞ்சுது. அரிசியில ஏறி, சாப்பிட்ட பொம்பளைகளுக்கு எலும்பு நொறுங்குச்சு. "இதாய் இதாய்"னு அந்த நோய்க்கே பேரு. "வலிக்குது வலிக்குது"ன்னு அர்த்தம். 1968-ல அரசாங்கம் அதை மாசுனால வந்த நோய்னு ஒத்துக்குச்சு. அந்த வயல் மண்ண மாத்தற வேலை 1979-ல தொடங்கி 2012-ல முடிஞ்சுது. 33 வருசம். மண்ணு கொட்ட எங்களுக்கு ஒரு டிராக்டரும் ஒரு பகலும் போதும்.

நெதர்லாந்துல ராட்டர்டாம் துறைமுகத்துல அள்ளற சேத்தையும் ஒரு காலத்துல தாழ்வான நெலத்தை மேடாக்கப் போட்டுக்கிட்டிருந்தாங்க. ரைன் ஆத்து ஆலைக்கழிவெல்லாம் அதுல இருக்குதுன்னு சோதனையில தெரிஞ்சதும் நிறுத்தினாங்க. கெட்ட சேத்தைத் தனியா வெக்க 1987-ல ஸ்லுஃப்டர்னு கடலோரமா பெரிய பள்ளமே கட்டினாங்க. அதோட விடலை. ஆத்து மேல ஏறிப் போய் எந்த ஆலையில இருந்து என்ன வருதுன்னு அளந்து, அந்த ஆலைக்காரங்ககிட்டயே பேசி, வர்றதைக் குறைக்க வெச்சாங்க. எனக்கு இந்த ரெண்டாவது பாதிதான் பெருசாப் படுது. சேத்தைச் சோதிக்கறது விவசாயியோட வேலையா மாறிப்போச்சுன்னா, சேத்தை உண்டாக்கினவனுக்கு ஒரு வேலையும் இல்லாமப் போயிரும்.

எங்க அளவுக்கு நாங்க செஞ்சது இவ்வளவுதான். அறிக்கை நகலைப் பஞ்சாயத்து ஆபீசுல ஒட்டியிருக்கோம், எந்த இடம், எந்த ஆழம்னு ஒரு படமும் வரைஞ்சு. அடுத்த தடவை அனுமதி குடுக்கறப்ப கன உலோகச் சோதனையும் சேத்து வெக்கோணும்னு மனு குடுத்திருக்கோம். குளம் ஒண்ணுக்கு ஒரு தடவை, ஜேசிபி எறங்கறதுக்கு முன்னால, அரசாங்கச் செலவுல. ஒரு ஊருக்கே ஒரு சோதனைன்னா செலவு ஒண்ணும் பெருசில்லை. மேட்டுக்காட்டு மழைத்தண்ணி மட்டும் வர்ற குளத்துக்கு இந்தப் பயமே வேண்டாம், அந்த மண்ண தைரியமா அடிக்கலாம். எல்லா வண்டலும் விசம்னு நான் சொன்னதா யாரும் எடுத்துக்காதீங்க. அது நடந்தா எங்களுக்குத்தான் நட்டம்.

டவுன்ல இருக்கற உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். உங்க ஏரியை மீட்கறோம்னு நல்ல மனசோட எல்லாரும் சேந்து தூர் வாரறீங்க, சந்தோசம். அதுல அள்ளற கருப்புச் சேறு எங்கயாச்சும் போயித்தான் ஆகோணும். "நல்ல உரம், விவசாயிகளுக்கு இலவசமாக் குடுக்கறோம்"னு பல சமயம் சொல்றாங்க. அடுத்த தடவை லாரி ஏத்தறப்ப, இதைச் சோதிச்சாங்களா, எந்த அடுக்குல எடுத்தாங்க, எந்த ஊருக்குப் போகுதுன்னு மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. அந்த நெலத்துல வெளையற கீரை உங்க தெரு முக்குக் கடைக்குத்தான் வரும்.